டைகர்ஸ் எதை முதலில் சரிசெய்ய வேண்டும்: 2026 பருவத்துக்கு முன் ஓர் ஒப்பீடு

ஆஸ்திரேலியாவின் தேசிய ரக்பி லீக் போட்டியில் ஆடும் சிட்னி அணியான வெஸ்ட்ஸ் டைகர்ஸ், 2022, 2023, 2024 ஆகிய மூன்று பருவங்களையும் புள்ளிப்பட்டியலின் அடியில் முடித்துவிட்டு, 2025இல் ஒன்பது வெற்றிகளுடன் 17 அணிகளில் 13ஆவது இடத்துக்கு வந்தது. அதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளில் முறையே நான்கு, நான்கு, ஆறு வெற்றிகள் மட்டுமே பெற்ற அணிக்கு இது முன்னேற்றம்தான் என்பதில் ஐயமில்லை. ஆனால் இறுதிச் சுற்றுகளில் ஆடும் முதல் எட்டு அணிகளுள் டைகர்ஸ் கடைசியாக இடம்பெற்றது 2011ஆம் ஆண்டில். இடைப்பட்ட காலத்தில் 2016, 2018, 2019 ஆகிய மூன்று பருவங்களில் ஒன்பதாவது இடம் வரை வந்து வாசலிலேயே நின்றுவிட்டது. 2026 பருவத்துக்கு ஆயத்தமாகும் பயிற்சியாளர் பெஞ்சி மார்ஷலின் முன் பல வேலைகள் குவிந்திருக்கின்றன. நவம்பரில் தொடங்கி பிப்ரவரியில் முடியும் ஒரே ஒரு கோடைக்காலப் பயிற்சியில் அவை அனைத்தையும் செய்து முடிக்க இயலாது என்பதால், எதை முதலில் எடுத்துக்கொள்வது என்பதே உண்மையான கேள்வி.

இந்த ஆட்டத்தைப் பார்த்துப் பழகாதவர்களுக்காகச் சில வரிகள். 1895இல் இங்கிலாந்தின் வடபகுதிக் கிளப்புகள் ரக்பியின் தாய் அமைப்பிலிருந்து பிரிந்ததில் பிறந்தது ரக்பி லீக். ஓர் அணிக்கு 13 பேர், 80 நிமிட ஆட்டம். பந்து கையிலிருக்கும் அணிக்கு ஒரு செட்டில், அதாவது ஒருமுறை பந்தை வைத்திருக்கும்போது, ஆறு டேக்கிள்கள் (பந்தோடு ஓடுபவரை எதிரணியினர் பிடித்து நிறுத்துவது ஒரு டேக்கிள்) கிடைக்கும். ஆறாவது டேக்கிளில் பிடிபட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும் என்பதால், ஐந்தாவது டேக்கிள் முடிந்ததும் பெரும்பாலும் பந்தை உதைத்துவிடுவார்கள். கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் ஊன்றினால் டிரை. அதற்கு 4 புள்ளிகள், அதைத் தொடரும் கன்வர்ஷன் உதைக்கு 2 புள்ளிகள். ஒவ்வொரு டேக்கிளுக்குப் பிறகும் தடுக்கும் அணி 10 மீட்டர் பின்வாங்கி மறுபடி முன்னேற வேண்டும். கீழே வரும் விவாதத்தின் பெரும்பகுதி இந்த 10 மீட்டரைச் சுற்றியே நடக்கிறது.

டைகர்ஸ் எவ்வளவு தூரம் போக வேண்டும் என்பதை முதலில் அளந்துகொள்வோம். 2025இல் எட்டாவது இடத்தைப் பிடித்த சிட்னி ரூஸ்டர்ஸ், 24 ஆட்டங்களில் 13 வெற்றி பெற்றது. டைகர்ஸுக்கு இருந்த குறை நான்கு வெற்றிகள். பருவத்தின் முதல் சுற்றிலேயே நியூகாசில் நைட்ஸிடம் 8-10 என்ற கணக்கிலும், நான்காவது சுற்றில் நியூசிலாந்தின் வாரியர்ஸிடம் 24-26 என்ற கணக்கிலும் டைகர்ஸ் தோற்றது. இரண்டுமே 2 புள்ளி வித்தியாசம். அந்த நைட்ஸ்தான் பின்னர் பட்டியலின் கடைசியில் முடித்தது. ஆக, நான்கு வெற்றி என்பது எட்டாத தொலைவு அன்று. ஆனால் இவ்விரண்டு தோல்விகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அவை எதிரெதிர்த் திசைகளைக் காட்டுகின்றன. 10 புள்ளிகள் மட்டுமே விட்டுக்கொடுத்துத் தோற்ற அணிக்குப் புள்ளி எடுக்கத் தெரியவில்லை. 24 புள்ளிகள் எடுத்தும் தோற்ற அணிக்குத் தடுக்கத் தெரியவில்லை. இந்த ஒப்பீட்டின் சிக்கலே அங்குதான் இருக்கிறது.

முதல் வழி, தாக்குதலையும் உதைகளையும் தீர்மானித்து ஆட்டத்தை நடத்தும் இருவரான ஹாஃப் ஜோடியை வலுப்படுத்துவது. ரசிகர்களிடம் கேட்டால் பெரும்பாலோர் இதைத்தான் முதலில் சொல்வார்கள். பென்ரித் பேந்தர்ஸுடன் 2021 முதல் 2024 வரை தொடர்ந்து நான்கு பட்டங்களை வென்ற ஜரோம் லுவாய் 2025இல் டைகர்ஸுக்கு வந்தார். அவர் வந்தபோது அவருக்கு அருகில் ஆட லாக்லன் கால்வின் என்ற பத்தொன்பது வயது இளைஞர் இருந்தார். இந்த இருவரைச் சுற்றி அடுத்த ஐந்தாண்டுக்கான அணியைக் கட்டலாம் என்று கிளப் நினைத்தது நியாயமானதே. ஆனால் ஒப்பந்தத்தை நீட்டிக்கப் போவதில்லை என்று கால்வின் ஏப்ரலில் தெரிவித்தார். 2026 இறுதி வரை ஒப்பந்தம் இருந்தும் மே மாத முடிவில் விடுவிக்கப்பட்டு, பருவத்தின் நடுவிலேயே கேன்டர்பரி புல்டாக்ஸுக்குப் போய்விட்டார். அந்த இடத்தை ஆடம் டுவைஹி ஏற்றுக்கொண்டார். முழங்கால் அறுவைச் சிகிச்சைகளைப் பலமுறை கடந்து வந்த டுவைஹி அந்த இடத்தில் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே ஆடினார் என்பது என் கணிப்பு.

ஆனாலும் ஒரு குறை நீடித்தது. பென்ரித்தில் லுவாய் ஆடிய ஆண்டுகளில் ஆட்டத்தின் கடிவாளம் அங்கிருந்த மற்றொரு ஹாஃபான நேதன் கிளியரியின் கையில் இருந்தது. நீண்ட உதைகள், எதிரணியை அதன் கோட்டுக்கருகிலேயே அடைத்துவைக்கும் உதைகள், செட்டின் முடிவை எப்படி அமைப்பது என்ற தீர்மானம் ஆகிய எல்லாம் கிளியரியின் பொறுப்பு. லுவாய் பந்தோடு ஓடுபவர். தடுப்பாட்டக் கோட்டின் மிக அருகே பந்தைப் பிடித்து, கடைசிக் கணத்தில் கைமாற்றுபவர். டைகர்ஸில் இரண்டு வேலைகளும் அவர் தலையில் விழுந்தன. சொந்த 40 மீட்டர் கோட்டுக்குப் பின்னாலிருந்து உதைத்து, எதிரணியின் 20 மீட்டர் கோட்டுக்குள் பந்தைத் துள்ளவிட்டு வெளியேற்றினால் அந்த இடத்திலேயே பந்து மீண்டும் கிடைக்கும் 40/20 போன்ற உதைகளோ, கோட்டுக்குப் பின்னால் எதிரணி ஆட்டக்காரரைச் சிக்கவைத்துக் கூடுதல் செட் வாங்கித் தரும் உதைகளோ தாமாக நிகழ்வதில்லை. அதற்கென்று ஒருவர் அணியில் இருக்க வேண்டும்.

ஆகவே, உதைக்கத் தெரிந்த, நிதானமான ஹாஃப் ஒருவரை வாங்கினால் 8-10 போன்ற ஆட்டங்கள் வெற்றியாக மாறும் என்ற வாதத்தில் உண்மை உண்டு. அதன் விலைதான் தடை. எல்லா அணிகளுக்கும் ஒரே சம்பள உச்சவரம்பு. முதல் நிலை வீரர்கள் 30 பேருக்கும் சேர்த்து 1 கோடி ஆஸ்திரேலிய டாலருக்குச் சற்று அதிகமான தொகையைத்தான் செலவிட முடியும். இந்த ஆட்டத்தில் மிக அதிகச் சம்பளம் பெறும் இடம் ஹாஃப்தான். பாரமட்டா அணியின் ஹாஃப் டிலன் பிரவுனை நியூகாசில் 2026 முதல் பத்து ஆண்டுகளுக்கு ஒப்பந்தம் செய்தது இந்தச் சந்தை எப்படிச் சூடேறியிருக்கிறது என்பதைக் காட்டும். 2027இல் பெர்த் நகரத்து அணியும் 2028இல் பப்புவா நியூ கினி அணியும் போட்டிக்குள் வருகின்றன. புதிய அணிகள் முதலில் தேடுவது ஹாஃப்களைத்தான் என்பதால் விலை இனி இறங்க வாய்ப்பில்லை. இத்தகைய நேரத்தில் இரண்டாவது ஹாஃபுக்காகப் பெருந்தொகையை ஒதுக்குவது மற்ற பதினைந்து இடங்களை மெலியவிடுவதாகும்.

இரண்டாவது வழி, நடுவில் ஆடும் முன்வரிசை வீரர்களின் எண்ணிக்கையையும் வலிமையையும் கூட்டுவது. ரூஸ்டர்ஸ் விட்டுவிட்ட டெரல் மே 2025இல் டைகர்ஸுக்கு வந்து, அந்தப் பருவத்தின் மிகச் சிறந்த ப்ராப்களுள் (நடுவில் மோதி முன்னேறும் முன்வரிசை வீரர்கள்) ஒருவராக விளங்கினார். ஒவ்வொரு வாரமும் அவர் ஆட்டத்தின் பெரும்பகுதி நேரம் களத்தில் நின்றார். அது அவருடைய பெருமை என்றாலும் அணியின் பலவீனமும் அதிலேயே இருக்கிறது. ஓர் ஆட்டத்தில் எட்டு மாற்றங்களே அனுமதி. டெரல் மே களத்தைவிட்டு வெளியேறியதும் டைகர்ஸின் முன்னேற்றம் குறைந்ததைக் கணக்குப் புத்தகம் இல்லாமலே கண்ணால் பார்க்க முடிந்தது. 2024 வரை இங்கிருந்த ப்ராப் ஸ்டெஃபானோ உட்டோய்கமானு மெல்போர்ன் ஸ்டார்முக்குப் போய், 2025 இறுதியாட்டத்தில் ஆடினார். ஐசாயா பாப்பாலியும் அதே காலத்தில் பென்ரித்துக்குப் போனார். வந்தவர்களுக்கும் போனவர்களுக்கும் கூட்டிக் கழித்தால் நடுவில் தரம் ஏறியது, ஆழம் ஏறவில்லை.

2020இல் வந்த விதிமாற்றம் இதை இன்னும் கூர்மையாக்கியது. டேக்கிளுக்குப் பின் பந்தை மெதுவாக்கும் சிறு தவறுகளுக்கு இப்போது ஆட்டத்தை நிறுத்திப் பெனால்டி தருவதில்லை. கையை உயர்த்தி ஆறு டேக்கிள்களை மறுபடி முதலிலிருந்து எண்ணத் தொடங்கிவிடுகிறார் நடுவர். மூச்சுவாங்க இடைவெளி கிடைக்காது. பெரிய உடல்கள் அடுத்தடுத்து பத்து, பன்னிரண்டு டேக்கிள்கள் செய்ய நேரும். இந்தச் சூழலில் நல்ல ப்ராப் நான்கு பேர் இருக்கும் அணிக்கும் இரண்டு பேர் இருக்கும் அணிக்கும் உள்ள வேறுபாடு கடைசி இருபது நிமிடத்தில் தெரியும். ப்ராப்களின் சந்தை ஹாஃப்களின் சந்தையைவிட மலிவு. ஒரு நட்சத்திர ஹாஃபின் சம்பளத்தில் உழைக்கக்கூடிய நடுவரிசை வீரர்கள் இருவரை, சில நேரம் மூவரைக்கூட வாங்கலாம். செலவுக்குக் கிடைக்கும் பயன் என்ற அளவில் இரண்டாவது வழி முதல் வழியைவிட மேலானது.

மூன்றாவது வழி தடுப்பாட்டம், அதிலும் குறிப்பாகக் களத்தின் இரு ஓரங்களிலும் நடக்கும் தடுப்பாட்டம். இங்கே சற்று நின்று பேச வேண்டும்.

2023ஆம் ஆண்டு மே 20 அன்று சொந்த மைதானமான லைக்கார்ட் ஓவலில் டைகர்ஸ், நார்த் குவீன்ஸ்லாந்து கௌபாய்ஸ் அணியை 66-18 என்று வென்றது. ஆறு வாரம் கழித்து ஜூலை 1 அன்று டவுன்ஸ்வில்லில் அதே கௌபாய்ஸிடம் 74-0 என்று தோற்றது. ஆறு வாரத்தில் யாருடைய திறமையும் அவ்வளவு ஏறவோ இறங்கவோ முடியாது. முதல் ஆட்டம் இந்த அணியால் புள்ளி குவிக்க முடியும் என்று காட்டியது. இரண்டாவது ஆட்டம் இந்த அணியின் தடுப்பாட்டம் சரியத் தொடங்கினால் எங்கே போய் நிற்கும் என்பதற்கு எல்லையே இல்லை என்று காட்டியது. 2024இன் கடைசிச் சுற்றில், கடைசி இடம் யாருக்கு என்று தீர்மானிக்கும் ஆட்டத்தில், தன்னைப் போலவே தத்தளித்துக்கொண்டிருந்த பாரமட்டாவிடம் 26-60 என்று தோற்றதும் இதே கதைதான். 26 புள்ளிகள் பல வாரங்களில் வெற்றிக்குப் போதுமானவை.

ஓரத்தில் என்ன நடக்கிறது என்பதை அருகில் போய்ப் பார்ப்போம். எதிரணி டைகர்ஸின் கோட்டுக்கு 20 மீட்டர் தொலைவில், களத்தின் நடுவே இருக்கிறது, நான்காவது டேக்கிள். பந்து ஹாஃபிடம் வருகிறது. அவருக்கு அருகே இரண்டாம் வரிசை ஆட்டக்காரர் ஒருவர், டைகர்ஸின் ஹாஃபுக்கும் அவர் பக்கத்தில் நிற்பவருக்கும் இடையிலான இடைவெளியை நோக்கி நேராக ஓடி வருகிறார். அவருக்குப் பின்னால், கடைசி வரிசையில் ஆடும் ஃபுல்பேக் வளைந்து வெளிப்பக்கம் வருகிறார். அவருக்கும் அப்பால் சென்டரும், அவரையும் தாண்டி ஓரக்கோட்டை ஒட்டி விங்கரும் காத்திருக்கிறார்கள். தடுப்பவர்கள் நான்கு பேர்: ஹாஃப், இரண்டாம் வரிசை ஆட்டக்காரர், சென்டர், விங்கர். நேராக ஓடி வருபவருக்கே பந்து போகுமா, பின்னால் வரும் ஃபுல்பேக்குக்குப் போகுமா என்பது இவர்களுக்குத் தெரியாது. டைகர்ஸின் சென்டர், ஃபுல்பேக்கை மடக்க உள்ளே பாய்ந்தால் விங்கரும் அதே நொடியில் உள்ளே வந்தாக வேண்டும். சென்டர் வெளியே நகர்ந்தால் விங்கரும் நகர வேண்டும். இருவரும் வேறுவேறு முடிவு எடுத்தால் மூலைக் கொடியருகே ஆளில்லாத வெளி கிடைக்கும், 4 புள்ளி போய்விடும். கபடியில் கார்னர் ஒருவர் மட்டும் அவசரப்பட்டு ரைடரின் காலுக்குப் பாய்ந்தால் சங்கிலி அறுந்து, அவர் விட்ட இடத்தின் வழியாகவே ரைடர் கோட்டைத் தொடுவது போன்றதுதான் இது. உடல்வலு அடுத்தபடிதான். முதலில் வேண்டியது பக்கத்தில் நிற்பவர் என்ன செய்வார் என்பது கேட்காமலே தெரிவது.

அந்தப் பழக்கம் வருவதற்கு ஒரே நால்வர் வாரக்கணக்கில் சேர்ந்து நிற்க வேண்டும். கடந்த சில ஆண்டுகளில் டைகர்ஸின் ஓரங்கள் காயத்தாலும் ஆள்மாற்றத்தாலும் நிலைகொள்ளாமல் இருந்தன. லுவாய் சமோவாவுக்கும், அபிசாய் கொரோய்சாவும் சுனியா டுருவாவும் பிஜிக்கும் ஆடுபவர்கள். பருவத்தின் முடிவில் பசிபிக் நாடுகளின் சர்வதேச ஆட்டங்கள் வருவதால் இத்தகைய வீரர்கள் கோடைப் பயிற்சிக்குத் தாமதமாகவே திரும்புவார்கள். ஆகவே கிடைக்கும் கூட்டுப் பயிற்சி நேரம் தாளில் தெரிவதைவிடக் குறைவு. அந்தக் குறைந்த நேரத்தை அழகான தாக்குதல் நகர்வுகளைப் பழகுவதற்கும் ஓரத் தடுப்பைப் பழகுவதற்கும் சரிபாதியாகப் பங்கிடுவது இரண்டையும் அரைகுறையாக விட்டுவிடும் வழி. 2026க்காக நியூகாசிலிலிருந்து வரும் காய் பியர்ஸ்-பால், ஓரத்தில் ஆடும் உயரமான இரண்டாம் வரிசை ஆட்டக்காரர். அவருடைய வருகையைத் தாக்குதலுக்கான வரவாகவே பலர் பேசுகிறார்கள். அவரை எந்தப் பக்கம் நிறுத்துவது, அவருக்கு உள்ளும் வெளியும் யார் நிற்பது என்பதை டிசம்பருக்குள் தீர்மானித்து, மார்ச் வரை மாற்றாமல் இருப்பது அவர் அடிக்கும் டிரைகளைவிட முக்கியம் என்று நினைக்கிறேன்.

இந்த வழிக்கு முன்மாதிரி தொலைவில் இல்லை. பென்ரித்தின் பட்ட ஆண்டுகளில் உதவிப் பயிற்சியாளராக இருந்த கேமரன் சிரால்டோ 2023இல் புல்டாக்ஸின் தலைமைப் பயிற்சியாளரானார். முதல் பருவத்தில் அணி 15ஆவது இடம். கடுமையான பயிற்சி பற்றிய முணுமுணுப்புகள் செய்தியாயின. அடுத்த பருவத்தில் ஆறாவது இடம். 2025இல் மூன்றாவது இடம். அந்த ஏற்றத்தில் விலையுயர்ந்த நட்சத்திர ஹாஃப் யாரும் இல்லை. முன்வரிசையிலும் பெரிய உடல்கள் குறைவு. ஓடி ஓடி, கோட்டைக் காத்து, குறைந்த புள்ளிகளில் ஆட்டங்களை வென்ற அணி அது. இதற்கு மறுதலையாக 2025இல் டால்பின்ஸ் அணியைப் பார்க்கலாம். அவ்வளவு வேகமாகப் புள்ளி குவித்த அணிகள் அந்தப் பருவத்தில் அரிது. ஆனால் முடித்தது ஒன்பதாவது இடத்தில். டைகர்ஸ் ரசிகர்களுக்கு அந்த இடத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

புல்டாக்ஸின் கதைக்கு ஒரு பின்பகுதியும் உண்டு. அதை மறைத்துவிட்டு வாதிடுவது சரியாகாது. தடுப்பாட்டத்தால் மேலே வந்த அந்த அணி, பட்டம் வெல்லத் தாக்குதலில் கூர்மை போதாது என்று கருதித்தான் கால்வினை டைகர்ஸிடமிருந்து எடுத்தது. அதன் பின் 2025 இறுதிச் சுற்றுகளில் மெல்போர்னிடம் 18-26 என்றும் பென்ரித்திடம் 26-46 என்றும் அடுத்தடுத்துத் தோற்று வெளியேறியது. ஹாஃபை மாற்றியதுதான் கெடுத்தது என்று சிலரும், மாற்றம் தாமதமாக வந்தது என்று சிலரும் சொல்வார்கள். இரண்டில் எது சரியானாலும், இதிலிருந்து டைகர்ஸுக்குக் கிடைக்கும் பாடம் ஒன்றே. தடுப்பாட்டம் ஓர் அணியை முதல் எட்டுக்குள் கொண்டுவருகிறது. எட்டுக்குள் வந்தபின், இறுதிச் சுற்றுகள் நடக்கும் செப்டம்பரில் மேலே போவதற்குத்தான் சிறந்த ஹாஃப் தேவைப்படுகிறார். 13ஆவது இடத்தில் இருக்கும் அணிக்கு எந்தத் தடை முதலில் வருகிறது என்பதைப் பார்த்தே செலவழிக்க வேண்டும்.

மூன்று வழிகளும் ஒன்றையொன்று தொடுகின்றன என்பதையும் கவனிக்க வேண்டும். நடுவில் ஆடுபவர்கள் களைத்துப்போய் 10 மீட்டர் பின்வாங்கத் தாமதித்தால், ஓரத்தில் நிற்பவர்கள் அவர்களுக்கு உதவ உள்ளே நெருங்குவார்கள்; உடனே வெளியே இடம் திறக்கும். ஆகவே ஓரத் தடுப்பைப் பயிற்சியால் மட்டும் சரிசெய்துவிட முடியாது, நடுவில் ஆழமும் வேண்டும். அதேபோல ஹாஃபும் ஓரத்தில் நின்று தடுப்பவர்தான். எதிரணிகள் தங்கள் மிகப் பெரிய ஓட்டக்காரர்களை அவர்மீதே ஏவும். தடுக்கத் தெரியாத நல்ல உதைகாரரை வாங்கினால், ஒரு கையால் வாங்கியதை மறுகையால் கொடுத்துவிட நேரும். டுவைஹி சென்டராகவும் ஆடியவர், நல்ல உடற்கட்டு உள்ளவர். லுவாய்க்குத் துணையாக அவரையே வைத்துக்கொள்ள நான் சொல்லும் முதல் காரணம் இதுதான். நீண்ட உதைகளின் சுமையையும் 2025ஐவிடக் கூடுதலாக அவரிடமே தரலாம்.

நான்காவதாக ஒரு வழியைச் சிலர் முன்வைப்பதுண்டு: உள்ளூர் இளைஞர்களைத் தக்கவைப்பது. சிட்னியின் தென்மேற்கே கேம்பல்டவுனைச் சுற்றியுள்ள பகுதி இந்த ஆட்டத்தின் வளமான நாற்றங்கால்களுள் ஒன்று. அங்கே விளைந்ததைக் கிளப் இழந்த வரலாறு நீளமானது. 2017இல் ஜேம்ஸ் டெடெஸ்கோ, ஆரன் வுட்ஸ், மிட்செல் மோசஸ், லூக் புரூக்ஸ் ஆகிய நால்வரின் ஒப்பந்தங்களும் ஒரே ஆண்டில் முடிய, புரூக்ஸ் மட்டும் தங்கினார். டெடெஸ்கோ ரூஸ்டர்ஸுக்குப் போய் 2018, 2019 பட்டங்களை வென்றார். 2016இல் டைகர்ஸில் அறிமுகமான ஜோஷ் அட்டோ-கார், 2017இல் மெல்போர்னுடன் பட்டம் வென்றார். வீரர்கள் மட்டுமா? 2018 முடிவில் டைகர்ஸை விட்டுப் பென்ரித்துக்குப் போன பயிற்சியாளர் ஐவன் கிளியரிதான் பின்னர் அங்கே நான்கு பட்டங்களைக் குவித்தார். கால்வின் போன அதே 2025இல், டாலின் டா சில்வா என்ற இளம் ஹூக்கரும் (டேக்கிளுக்குப் பின் பந்தை எடுத்துக் கைமாற்றுபவர்) பாரமட்டாவுக்குப் போனார். முதல்நிலை ஹூக்கரான கொரோய்சாவுக்கு 33 வயதாகியிருக்கும் நிலையில், அவருடைய இடத்துக்கு வளர்ந்துகொண்டிருந்தவரை விட்டது எனக்குப் புரியாத முடிவு. இவ்வளவு இருந்தும் இதை 2026க்கான முதல் வேலையாக நான் வைக்கவில்லை. ஒப்பந்த முடிவுகளின் பலன் மூன்று நான்கு ஆண்டு கழித்தே களத்தில் தெரியும். மேலும் அது பயிற்சியாளரின் கோடைக்கால நேரத்தைக் கேட்பதில்லை, நிர்வாகத்தின் கவனத்தைத்தான் கேட்கிறது.

அந்த நிர்வாகம் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. பால்மெய்ன், வெஸ்டர்ன் சபர்ப்ஸ் என்ற இரண்டு பழைய கிளப்புகள் 1999இல் இணைந்து உருவான அமைப்பு இது. இன்றும் லைக்கார்ட், கேம்பல்டவுன், பாரமட்டா என்று மூன்று இடங்களில் சொந்த ஆட்டங்களை ஆடுகிறது. 2023 முடிவில் வந்து ஒழுங்கைக் கொண்டுவந்த தலைமை நிர்வாகி ஷேன் ரிச்சர்ட்சன், 2025 டிசம்பரில் உரிமையாளர் தரப்புக்கும் இயக்குநர் குழுவுக்கும் நடந்த மோதலுக்கிடையே பதவி விலகினார். மேலே இருப்பவர்கள் அமைதியாக இருந்தால் நல்லது என்பதைத் தவிரப் பயிற்சியாளர் இதில் செய்யக்கூடியது எதுவுமில்லை.

ஆகவே என் வரிசை இது. கோடைப் பயிற்சியின் பெரும்பகுதி தடுப்பாட்டத்துக்கு, அதிலும் இரண்டு ஓரங்களிலும் நிற்கும் நால்வர் கூட்டங்களை முன்கூட்டியே நிர்ணயித்துப் பழக்குவதற்குப் போக வேண்டும். கையில் மிச்சமிருக்கும் பணம், டெரல் மே ஓய்வெடுக்கும் நிமிடங்களைத் தாங்கக்கூடிய நடுவரிசை வீரர்கள் இருவருக்குப் போக வேண்டும். ஹாஃப் சந்தையில் இந்த ஆண்டு இறங்க வேண்டாம். இதற்கு ஒரு விலை உண்டு. 2005 இறுதியாட்டத்தில் பின்னங்கையால் பெஞ்சி மார்ஷல் தட்டிவிட்ட பந்தை வாங்கி பாட் ரிச்சர்ட்ஸ் அடித்த டிரைதான் இந்தக் கிளப்பின் ஒரே பட்டத்தின் அடையாளம். அப்படிப்பட்ட ஆட்டத்தை எதிர்பார்த்து வரும் கூட்டத்துக்கு, 16-12 என்று முடியும் இறுக்கமான வெற்றிகளைப் பழக்குவது எளிதன்று. அதைப் பழக்க வேண்டியவர் அந்தப் பந்தைத் தட்டிவிட்ட அதே மனிதர் என்பதால், அவரே சொன்னால் ரசிகர்கள் கேட்பார்கள் என்று நம்பலாம்.

இந்த வரிசை எப்போது தவறாகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதல் பத்துச் சுற்றுகளில் டைகர்ஸ் ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக 20 புள்ளிகளுக்குக் குறைவாகவே விட்டுக்கொடுத்து, அப்படியும் 8-10 போன்ற கணக்குகளில் தோற்றுக்கொண்டிருந்தால், குறை தாக்குதலில்தான் என்று ஒப்புக்கொண்டு ஹாஃப் தேடிப் போகலாம். 2027க்குப் பின் லுவாய் வேறிடம் போவார் என்ற நிலை உருவானாலும் அப்படியே. பருவத்தின் நடுவே வீரர்களை மாற்றிக்கொள்ள விதி இடம்தருகிறது. கால்வின் டைகர்ஸிலிருந்து போனதும் அந்த வழியில்தான்.